‘இருக்கலாம்’ வேறு, ‘இருந்தே தீரும்’ வேறு

(சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு எழுதவிருக்கும் பிளஸ் டூ மாணவர்களும் பெற்றோரும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘கிளாட் தேர்வில் லாஜிக்கல் ரீசனிங் பகுதிக்குத் தயாராவது எப்படி’ என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மேடையிலிருந்து பார்க்கிறேன்: பெற்றோர்கள் நோட்டும் பேனாவுமாக முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பிள்ளைகள் பின்வரிசையில் வெறுங்கையோடு சாய்ந்திருக்கிறீர்கள். தேர்வு எழுதப் போவது யார் என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது. பரவாயில்லை. இன்று நான் சொல்லப் போவது எழுதி வைத்துக்கொள்ளும் சரக்கு இல்லை. கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் செய்து பார்க்க வேண்டிய காரியம்.

முதலில் தேர்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டின் அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்பில் சேர நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் சேர்க்கை நடத்துகிறது. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் கதை வேறு. பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி, ஹைதராபாத் நல்சார், நம் திருச்சிக்குப் பக்கத்தில் நாவலூர்குட்டப்பட்டில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் நுழைய கிளாட் எழுத வேண்டும். 2008இல் தொடங்கிய தேர்வு இது. தொடக்கத்தில் ஆண்டுக்கொரு பல்கலைக்கழகம் முறைவைத்து நடத்தியது. ஆண்டுக்கொரு குளறுபடியும் வந்தது. ஷம்நாத் பஷீர் என்ற சட்ட அறிஞர் 2015இல் உச்ச நீதிமன்றத்துக்கே போனார். 2017இல் இந்தப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை உருவாக்கின. இப்போது தேர்வை நடத்துவது அதுதான். டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் மட்டும் தனியாக அய்லெட் என்று ஒரு தேர்வு வைக்கிறது. அதில் 150 கேள்விகளில் 70 இந்தத் தருக்கப் பகுதியிலிருந்தே வருகின்றன.

கிளாட்டில் இன்றைய நிலவரம் 120 கேள்விகள், 120 நிமிடம். சரியான விடைக்கு ஒரு மதிப்பெண், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிவு. ஆங்கிலம், நடப்பு நிகழ்வுகள், சட்டத் தருக்கம், பொதுத் தருக்கம், அடிப்படைக் கணக்கு என்று ஐந்து பகுதிகள். நாம் பேசும் பொதுத் தருக்கப் பகுதிக்கு 22 முதல் 26 கேள்விகள். ஏறக்குறைய 450 சொற்களில் ஒரு பத்தி கொடுப்பார்கள். அதன் கீழே சில கேள்விகள். சட்டத் தருக்கப் பகுதியிலும் இதே திறமைதான் வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. ஆகவே இந்த ஒன்றில் தேர்ந்தவர் தாளில் பாதியைப் பிடித்துவிடலாம்.

லாஜிக்கல் ரீசனிங் என்றதும் பல வீடுகளில் வங்கித் தேர்வுப் புத்தகத்தை வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். வட்ட மேசையைச் சுற்றி எட்டுப் பேரை உட்கார வைப்பது, ‘அவர் என் தாத்தாவின் ஒரே மகனின் மகள்’ என்று உறவு கண்டுபிடிப்பது, எழுத்துகளை மாற்றிப் போட்டுச் சங்கேதம் அவிழ்ப்பது என்று பிள்ளையும் ஆறு மாதம் அதிலேயே கிடக்கிறது. கிளாட்டிலும் ஒரு காலத்தில் இவை நிறைய வந்தன. 2020 முதல் தேர்வு பத்தி வாசிப்பை அடிப்படையாக வைத்து மாற்றப்பட்டது. புதிர்கள் இப்போதும் எட்டிப் பார்க்கலாம் என்பதால் அடியோடு ஒதுக்க வேண்டாம். ஆனால் நேரத்தின் பெரும்பகுதியை வாதங்களை வாசிப்பதற்கே கொடுங்கள். இந்த வகைத் தேர்வுக்கெல்லாம் மூத்ததான அமெரிக்காவின் எல்சாட், 1948 முதல் நடந்து வருகிறது. அவர்களும் 2024 ஆகஸ்டிலிருந்து புதிர்ப் பகுதியை எடுத்துவிட்டார்கள். இப்போது அங்கே மதிப்பெண் கணக்கிடப்படும் மூன்று பகுதிகளில் இரண்டு, வாதங்களை ஆராயும் தருக்கப் பகுதிகள்.

சட்டக் கல்லூரிக்காரர்களுக்கு ஏன் இதில் இத்தனை அக்கறை? வக்கீல் வேலை என்பதே இதுதான். எதிர்த்தரப்பு ஒன்று சொல்கிறது. அதற்கு ஒரு காரணம் காட்டுகிறது. அந்தக் காரணத்திலிருந்து அந்த முடிவு வருகிறதா, வழியில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவர்தான் வக்கீல். மற்றவர் கோட்டு போட்டவர், அவ்வளவுதான்.

இந்தப் பகுதியில் நம் பிள்ளைகள் சறுக்குவதற்கு முதல் காரணம் அறிவுக் குறைவு அல்ல, அபிப்பிராயம் அதிகம் இருப்பதுதான். நீட் தேர்வை ஆதரித்து ஒரு பத்தி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசிக்கும்போதே ரத்தம் சூடாகிறது. ‘ஆசிரியரின் வாதத்திலிருந்து எது பெறப்படும்?’ என்று கேட்டால், நம் கட்சிக்கு ஒத்துவரும் விடையைக் குறித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்கிறோம். கேள்வி உங்கள் கட்சியைக் கேட்கவில்லை. பத்தியில் சொன்னது உண்மையா என்றுகூடக் கேட்கவில்லை. சொன்னதை ஒப்புக்கொண்டால் அந்த முடிவு வருமா என்றுதான் கேட்கிறது. மதுவிலக்கு வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் ஒரே பத்தியை வாசித்தால் ஒரே விடைக்கு வந்து சேர வேண்டும். அப்படி வரவில்லையென்றால் இருவரில் ஒருவர் பத்தியை வாசிக்கவில்லை, தன் மனத்தை வாசித்திருக்கிறார்.

இது மேல்நாட்டுச் சரக்கு, நமக்குப் புதிது என்று யாரும் மலைக்க வேண்டாம். சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் 29ஆவது காதையை எடுத்துப் பாருங்கள். காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு நடத்துவது முழுக்க முழுக்க ஒரு தருக்கப் பாடம். நிறுவ வேண்டிய கூற்றுக்குப் பக்கம் என்று பெயர், அதற்குக் காட்டும் காரணம் ஏது, எடுத்துக்காட்டு திட்டாந்தம். மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம். புகை தெரிகிறதே என்பது ஏது. அடுக்களையில் பார்த்திருக்கிறோமே என்பது திட்டாந்தம். அதோடு விடவில்லை. இவை ஒவ்வொன்றிலும் என்னென்ன போலிகள் வரும் என்று வகை பிரித்துக் கொடுத்திருக்கிறார். ஏதுப்போலி மட்டும் மூன்று பெரும் பிரிவு, அவற்றின் உட்பிரிவு 14. காரணம் போலத் தோன்றி, காரணமாக நிற்காத பேச்சை இப்படி எண்ணி அடுக்கி வைத்த மொழி நம்முடையது. தமிழாசிரியர்கள் இந்தக் காதையைத் தேர்வுக்கு வராது என்று தள்ளிவிடுகிறார்கள். கிளாட்டுக்கு அது நேராகவே வருகிறது.

சரி, ஒரு கேள்வியை நேரடியாகவே போட்டுப் பார்ப்போம். இது நான் இட்டுக்கட்டியது. கவனமாகக் கேளுங்கள்.

‘ஒரு நகராட்சி, ஜனவரியிலிருந்து பெரிய கடைத்தெருவில் வண்டி நிறுத்தக் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியது. ஜூன் முடிய ஆறு மாதத்தில், அதற்கு முந்தைய ஆறு மாதத்தைவிட, அத்தெருவின் துணிக்கடைகளில் விற்பனை குறைந்துவிட்டது. கட்டணத்தால்தான் மக்கள் வருவதில்லை. ஆகவே கட்டணத்தை நீக்கினால் விற்பனை பழைய நிலைக்கு வந்துவிடும் என்கிறது வணிகர் சங்கம்.’

இந்த வாதத்தை மிகவும் பலவீனப்படுத்துவது எது? முதல் விடை: கட்டணத்தால் நகராட்சிக்கு நல்ல வருமானம் வருகிறது. இரண்டாவது: கட்டணமே இல்லாத பக்கத்துக் கடைத்தெருக்களிலும் அதே காலத்தில் துணி விற்பனை அதே அளவுக்குக் குறைந்தது. மூன்றாவது: வாடிக்கையாளர்களில் சிலர் பேருந்தில் வருகிறார்கள். நான்காவது: கட்டணம் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்தே வணிகர் சங்கம் அதை எதிர்த்து வந்தது.

விடையைத் தேடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. முடிவு எது, காரணம் எது என்று பிரித்து வையுங்கள். முடிவு: கட்டணத்தை நீக்கினால் விற்பனை திரும்பும். காரணம்: கட்டணம் வந்த பிறகு விற்பனை குறைந்தது. இரண்டுக்கும் நடுவே சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. கட்டணத்தைத் தவிர விற்பனை குறைய வேறு எதுவும் காரணம் இல்லை என்பதுதான் அது. அம்மாக்கள் சிரிக்கிறீர்களே! ஆமாம், நீங்கள் பிடித்துவிட்டீர்கள். முந்தைய ஆறு மாதம் என்பது ஜூலை முதல் டிசம்பர் வரை. ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும் அதற்குள் வந்துவிட்டன. தீபாவளிக்கு ஜவுளி எடுத்த கணக்கோடு மார்ச் மாதக் கணக்கை ஒப்பிட்டால் கட்டணம் போட்டாலும் போடாவிட்டாலும் குறையத்தான் செய்யும். அறவண அடிகள் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்: அநைகாந்திகம். முடிவு பொருந்தும் இடத்திலும் காணப்படும், பொருந்தாத இடத்திலும் காணப்படும் காரணம் எதையும் நிறுவாது.

இப்போது விடைகளுக்கு வருவோம். இரண்டாவதுதான் சரி. கட்டணம் இல்லாத இடத்திலும் அதே சரிவு என்றால், சரிவுக்குக் கட்டணத்தைக் காரணம் சொல்வது ஆட்டம் காண்கிறது. மற்ற மூன்றும் எப்படிக் கவர்கின்றன என்று பாருங்கள். உங்கள் தேர்ச்சி அங்கேதான் இருக்கிறது. முதல் விடை கட்டணம் நல்லது என்கிறது. நல்லதா கெட்டதா என்பது வாதமே இல்லை. அது விற்பனையைக் குறைத்ததா என்பதுதான் வாதம். தலைப்பை ஒட்டி, வாதத்தை விட்டு விலகி நிற்கும் இந்த வகை விடைதான் அதிகம் பேரை வீழ்த்துகிறது. மூன்றாவது, சரியான திசையில்தான் போகிறது. ஆனால் ‘சிலர்’ என்ற ஒரு சொல்லில் வலுவிழந்துவிடுகிறது. இரண்டு பேரும் சிலர்தான். நான்காவது, பேசியவரின் உள்நோக்கத்தைத் தாக்குகிறது. நம் மேடைகளில் கைதட்டல் வாங்கும் வாதம் அது; தேர்வில் மதிப்பெண் வாங்காது. வணிகர்களுக்குக் கட்டணம் பிடிக்காது என்பதால் அவர்கள் காட்டும் கணக்கு பொய்யாகிவிடாது.

இதே பத்தியில், ‘வாதம் நிற்கத் தேவையான எடுகோள் எது?’ என்றும் கேட்கலாம். அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. விடையாகத் தோன்றுவதை மறுத்துச் சொல்லிப் பாருங்கள். மறுத்ததும் வாதம் சரிந்தால் அதுதான் எடுகோள். ‘கட்டணம் காரணமாக வேறு கடைத்தெருவுக்குப் பழகிவிட்டவர்கள், கட்டணம் நீங்கினால் திரும்பி வருவார்கள்’ என்று ஒரு விடை. மறுத்துப் பாருங்கள்: ‘திரும்பி வரமாட்டார்கள்’. அப்படியானால் கட்டணத்தை நீக்கி என்ன பயன்? வாதம் விழுந்துவிட்டது. ஆக, அது எடுகோள். ‘வணிகர் சங்கத்தில் எல்லாக் கடைக்காரர்களும் உறுப்பினர்கள்’ என்று இன்னொரு விடை. மறுத்துப் பாருங்கள். ஒன்றும் ஆகவில்லை. தள்ளிவிடுங்கள். வலுப்படுத்துவது எது என்று கேட்டால், நாம் கண்டுபிடித்த ஓட்டையை அடைக்கும் விடையைத் தேட வேண்டும். முந்தைய ஆண்டு ஜனவரி முதல் ஜூன் வரையிலான விற்பனையோடு ஒப்பிட்டாலும் குறைவுதான் என்று சொன்னால் தீபாவளிச் சந்தேகம் நீங்கிவிடும். கேள்வி மூன்று விதமாக வந்தாலும் ஓட்டை ஒன்றுதான். அதை ஒருமுறை கண்டுபிடித்தால் மூன்று மதிப்பெண்.

அடுத்தது, பத்தியிலிருந்து பெறப்படுவது எது என்ற கேள்வி. இந்த உரைக்கு நான் வைத்திருக்கும் ஒரே செய்தி இங்கேதான் இருக்கிறது. பெறப்படுவது என்றால், பத்தி உண்மையானால் அதுவும் உண்மையாகவே இருந்தாக வேண்டும். ‘இருக்கலாம்’ என்பது போதாது. நான்கு விடைகளில் மூன்று ‘இருக்கலாம்’ வகையைச் சேர்ந்தவை. நியாயமாகத் தோன்றும், அனுபவத்துக்கு ஒத்துவரும், பத்திரிகையில்கூடப் படித்திருப்போம். ஆனால் பத்தி அதைக் கட்டாயப்படுத்தாது. ஒன்றே ஒன்று மட்டும் தப்பிக்க வழியில்லாமல் வந்து நிற்கும். பெரும்பாலும் அது சுவையில்லாத, அடக்கமான வாக்கியமாக இருக்கும். அதனாலேயே பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நீதிமன்றத்தில் இந்த வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது. 1984இல் உச்ச நீதிமன்றம் சரத் பிர்திசந்த் சர்தா எதிர் மகாராஷ்டிர அரசு என்ற வழக்கில் தீர்ப்புச் சொன்னது. விஷத்தால் இறந்துபோன ஒரு பெண்ணின் கணவர்மீது கொலைக் குற்றச்சாட்டு. பார்த்த சாட்சி இல்லை. சூழ்நிலைச் சாட்சியம் மட்டும்தான். கீழே மரண தண்டனை விதித்தார்கள், உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அந்தத் தீர்ப்பில் சூழ்நிலைச் சாட்சியத்துக்கு ஐந்து விதிகளை வகுத்தார்கள். அவற்றைப் பஞ்சசீலம் என்றே அழைத்தார்கள். சாரம் இதுதான்: சாட்சியங்கள் சங்கிலியாக முழுமை பெற வேண்டும், குற்றம் செய்திருக்கலாம் என்று காட்டினால் போதாது, செய்தே இருக்க வேண்டும் என்று காட்ட வேண்டும், குற்றமற்றவர் என்பதற்கு இடம் கொடுக்கும் வேறு எந்த விளக்கமும் மிச்சமிருக்கக் கூடாது. இன்றுவரை நாடு முழுவதும் நீதிபதிகள் மேற்கோள் காட்டும் தீர்ப்பு அது. நீங்கள் தேர்வறையில் ‘வேறு காரணம் இருக்குமோ’ என்று தேடுகிறீர்களே, அந்த நீதிபதிகள் செய்ததும் அதே வேலைதான். உங்களுக்குக் கால் மதிப்பெண் போகும். அங்கே ஒரு மனிதனின் கழுத்து.

இந்த ‘இருந்தே தீரும்’ என்பதைச் சோதிக்க இரண்டு இடங்களில் அடிக்கடி வலை விரிப்பார்கள். முதலாவது நிபந்தனை வாக்கியம். உங்களுக்குத் தெரிந்த விதியையே எடுத்துக்கொள்வோம். கிளாட் வழியாக இளநிலைப் படிப்பில் சேரப் பொதுப் பிரிவினர் பிளஸ் டூவில் 45 சதவீதம் பெற்றிருக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு 40. பொதுப் பிரிவில் ஒருவர் சேர்ந்துவிட்டார் என்றால் அவர் 45 பெற்றவர் என்று உறுதியாகச் சொல்லலாம். 45 பெறாதவர் சேர முடியாது என்பதும் உறுதி. ஆனால் 45 பெற்றவர் சேர்ந்துவிடுவார் என்று சொல்ல முடியுமா? அப்படியானால் இந்த அரங்கமே தேவையில்லை! சேராதவர் 45 பெறாதவர் என்றும் சொல்ல முடியாது. தேவையான நிபந்தனை வேறு, போதுமான நிபந்தனை வேறு. வாக்கியம் கொஞ்சம் நீளமானதும் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே இதில் தடுமாறுகிறார்கள். அப்போது ஓரத்தில் ஒரு அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள்: சேர்ந்தார் என்றால் 45. அம்பு போகும் திசையில் போகலாம். எதிர்த்திசையில் வர வேண்டுமானால் இரண்டு பக்கத்தையும் மறுத்துக்கொண்டுதான் வர வேண்டும்.

இரண்டாவது அளவு. எல்லாரும், பெரும்பாலோர், சிலர், ஒருவரும் இல்லை. வகுப்பில் சிலர் செஸ் ஆடுவார்கள், சிலர் பாட்டுக் கற்கிறார்கள் என்றால் இரண்டையும் செய்பவர் உண்டா? தெரியாது. பெரும்பாலோர் செஸ் ஆடுவார்கள், பெரும்பாலோர் பாட்டுக் கற்கிறார்கள் என்றால்? 40 பேர் வகுப்பில் பெரும்பாலோர் என்றால் குறைந்தது 21. இரண்டு 21 சேர்ந்தால் 42. இருப்பது 40 பேர். ஆகவே இரண்டையும் செய்பவர் குறைந்தது இருவர் இருந்தே தீர வேண்டும். இதற்குச் சூத்திரம் மனப்பாடம் தேவையில்லை. சின்ன எண்ணைப் போட்டுப் பார்த்தால் போதும். பத்தியில் ‘பல’ என்று இருந்து விடையில் ‘பெரும்பாலான’ என்று வந்தால், அந்த இடத்தில் நின்று பாருங்கள். அங்கே ஒரு கண்ணி இருக்கும்.

இனி பயிற்சிக்கு வருகிறேன். பலர் செய்வது என்ன? முதல் நாளே கடிகாரத்தை வைத்துக்கொண்டு மாதிரித் தேர்வு எழுதுகிறார்கள். மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள், வருத்தப்படுகிறார்கள், அடுத்த மாதிரித் தேர்வுக்குப் போகிறார்கள். ஐம்பது எழுதினாலும் மதிப்பெண் அதே இடத்தில் நிற்கும். தவறாக வாசிக்கும் பழக்கத்தை வேகமாகச் செய்ய மட்டும் கற்றிருப்பார்கள்.

தொடக்கத்தில் கடிகாரத்தை ஒதுக்கி வையுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு பத்தி போதும். ஒவ்வொன்றிலும் முடிவை அடிக்கோடிட்டு, காரணங்களுக்கு எண் போட்டு, நடுவில் உள்ள ஓட்டையை உங்கள் சொந்தச் சொல்லில் ஒரு வரி எழுதுங்கள். விடைகளைப் பார்ப்பதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும். பிறகு நான்கு விடைகளுக்கும் காரணம் எழுதுங்கள்: இது ஏன் சரி, மற்ற மூன்றும் ஏன் தவறு. சரியாகப் போட்ட கேள்விக்கும் எழுதுங்கள். குருட்டாம்போக்கில் சரியானதும் கணக்கில் வருமல்லவா? இப்படி ஒரு கேள்விக்குக் கால் மணி நேரம் ஆனாலும் கவலை வேண்டாம்.

தவறுகளுக்கு ஒரு தனி நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதில் கேள்வியை நகல் எடுக்காதீர்கள்; தவறின் வகையை எழுதுங்கள். ‘என் கருத்தைப் பத்தியில் ஏற்றினேன்’, ‘சில என்பதைப் பல என்று வாசித்தேன்’, ‘பலவீனப்படுத்தக் கேட்டார்கள், வலுப்படுத்தியதைக் குறித்தேன்’ என்ற மாதிரி. சில வாரங்களில் உங்களுக்கே தெரிந்துவிடும்: இருபது விதத் தவறுகள் இல்லை, மூன்று நான்கு தவறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை அடைத்த பிறகு கடிகாரத்தைக் கொண்டுவாருங்கள்.

கேள்விகளுக்கு அலைய வேண்டியதில்லை. பழைய வினாத்தாள்கள் கூட்டமைப்பின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. எல்சாட் நடத்தும் அமைப்பும் தன் பயிற்சித் தளத்தில் சில முழுத் தேர்வுகளை இலவசமாகத் தருகிறது. அந்தத் தாளில் பத்திகள் குட்டையாக இருக்கும், விடைகள் நுணுக்கமாக இருக்கும். ஓட்டையைக் கண்டுபிடிக்கும் பயிற்சிக்கு அது நல்ல உரைகல். சந்தையில் விற்கும் கைடுகளில் விடைக்கு விளக்கம் இல்லாதவற்றை வாங்காதீர்கள். விளக்கம் இருந்தாலும் அதையே வேதவாக்காகக் கொள்ளாதீர்கள். 2024 டிசம்பரில் நடந்த கிளாட்டின் விடைக்குறிப்பே நீதிமன்றம் ஏறியது. அதே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் இரண்டு கேள்விகளுக்கான விடைக்குறிப்பு தவறு என்றது. விவகாரம் 2025இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. அதிகாரபூர்வ விடையையே காரணம் காட்டி மறுக்கலாம் என்றால், கைடு எம்மாத்திரம்?

நேரக் கணக்கையும் பார்த்துவிடுவோம். நிமிடத்துக்கு 200 சொல் வாசிப்பவருக்கு 450 சொல் பத்தி இரண்டேகால் நிமிடம் எடுக்கும். இந்தப் பகுதியில் ஐந்து பத்திகள் வந்தால் வாசிப்புக்கே பதினோரு நிமிடத்துக்கு மேல். 24 கேள்விக்கு 24 நிமிடம் என்று வைத்தால் மிச்சம் கேள்விக்கு அரை நிமிடம்தான். ஆகவே நடப்பு நிகழ்வுகளில் தெரிந்ததைச் சட்டென்று குறித்துவிட்டு, அங்கே மிச்சம் பிடிக்கும் நேரத்தை இங்கே கொண்டுவர வேண்டும்.

நெகட்டிவ் மார்க் பயத்தால் விட்டுவிடுவதா, குறிப்பதா? கணக்குப் போடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு 16 கேள்விக்குக் குறித்தால் சராசரியில் 4 சரி, 12 தவறு. 3 கழிந்து மிச்சம் 1. பெரிய லாபமில்லை. நான்கில் ஒரு விடையை உறுதியாக நீக்கிவிட்டு 12 கேள்விக்குக் குறித்தால் 4 சரி, 8 தவறு. 2 கழிந்து மிச்சம் 2. இரண்டை நீக்க முடிந்தால் அதே 12 கேள்வியில் 6 சரி, 6 தவறு. ஒன்றரை கழிந்து நாலரை. ஆகவே ஒன்றையாவது காரணத்தோடு தள்ள முடிந்தால் துணிந்து குறியுங்கள். இரண்டில் நின்று இழுபறியானால் விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு விஷயம். இந்தத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான் நடக்கிறது. தமிழ் வழியில் படித்த பிள்ளைகளுக்கு இது நியாயமான மனக்குறை. வட்டார மொழிகளிலும் நடத்த வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கும் தொடரப்பட்டது. அந்தக் கோரிக்கை ஒரு பக்கம் நடக்கட்டும். நம் கையில் உள்ளதைப் பார்ப்போம். தமிழ் வழிப் பிள்ளைக்குத் தருக்கம் குறைவில்லை. வாசிப்பு வேகம்தான் குறைவு. தினம் ஓர் ஆங்கிலத் தலையங்கம் வாசியுங்கள். வாசித்து முடித்ததும் தாளை மூடிவிட்டு, அதன் முடிவையும் காரணத்தையும் தமிழில் இரண்டு வரியில் எழுதுங்கள். யோசனையைத் தமிழிலேயே செய்யுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. தமிழில் இரண்டு வரி எழுத வரவில்லையென்றால் அந்தத் தலையங்கம் புரியவில்லை என்று பொருள். மறுபடி வாசியுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. சாப்பாட்டு நேரத்தில் பிள்ளை ஏதாவது சொன்னால் ‘எதிர்த்துப் பேசாதே’ என்று வாயை அடைக்காதீர்கள். ‘ஏன் அப்படிச் சொல்கிறாய்?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். சொல்லும் காரணத்தைக் கேட்டுவிட்டு, ‘வேறு காரணம் இருக்கக் கூடாதா?’ என்று இன்னொன்று கேளுங்கள். ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் பயிற்சி வகுப்பில் நடப்பதும் இதுதான். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் சட்டக் கல்விக்கு வர வேண்டும் என்று, நான் முன்பு சொன்ன ஷம்நாத் பஷீர் 2010இல் ஐடியா என்ற அமைப்பைத் தொடங்கினார். 2019இல் அவர் மறைந்துவிட்டார். அமைப்பு தொடர்ந்து நடக்கிறது. உங்களுக்குத் தெரிந்த அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு இந்தத் தகவலைச் சொல்லுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள். அன்றைய செய்தித்தாளிலிருந்து ஒரு வாதத்தைக் கரும்பலகையில் எழுதுங்கள்; வகுப்பை இரண்டாகப் பிரித்து ஓட்டையைத் தேடச் சொல்லுங்கள். அடுத்த வாரம் கட்சி மாறி வாதிடச் சொல்லுங்கள். கிளாட் எழுதாத பிள்ளைக்கும் இது பயன்படும். நாளைக்கு வாக்களிக்கப் போவதும், வாட்ஸ்அப்பில் வருவதை நம்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்கப் போவதும் அதே பிள்ளைகள்தானே.

மாணவர்களே, தேர்வு டிசம்பரில். இன்று இரவே பழைய தாள் ஒன்றை எடுத்து ஒரே ஒரு பத்தியை வாசியுங்கள். முடிவு எது, காரணம் எது, நடுவில் விட்டுப்போனது எது என்று மூன்று வரி எழுதுங்கள். எழுதிவிட்டு உங்களையே கேளுங்கள்: நான் குறித்த விடை இருக்கலாமா, இருந்தே தீர வேண்டுமா? இந்தக் கேள்வியைத் தினமும் கேட்பவருக்குத் தேர்வறையில் தனியாக யாரும் வழி காட்ட வேண்டியதில்லை.